கைப்பிழையும் கைப்பொருளும்

(கோபர்கைரனேயில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவர். அல்லது பிறந்த மண்ணின் பெருமை பேசுவர். இரண்டும் செவிக்கு இனியவை. ஆயினும், நம் செயலாளர் என் வீட்டிற்கு வந்தபோது, "ஐயா, தாங்கள் முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர்கள். உழைத்துப் பிழைக்கும் நம் மக்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் இன்று வரவு செலவு பற்றியே பேச வந்துள்ளேன். வேலையில் நேர்ந்துவிடும் பிழைக்கு, வேலை செய்தவரே தம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டுமா? இதுவே என் பொருள்.

இந்த அவையை நோக்குகிறேன். பேலாப்பூர் சாலைத் தொழிற்பேட்டையில் எந்திரம் ஓட்டுவோர் இருக்கிறீர்கள். மாபேயில் கணிப்பொறி முன் அமர்ந்து பணிபுரியும் இளைஞர் இருக்கிறீர்கள். வாஷிச் சந்தையில் மூட்டை எண்ணுவோர், வங்கியில் பணம் எண்ணுவோர், உணவு விடுதியில் இலை போடுவோர் எனப் பலரும் இருக்கிறீர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்து, பின்னர் இவ்வூரில் குடியேறிய பெரியோரும் உள்ளனர். உங்களில் எவரேனும், "என் சம்பளத்தில் ஒரு நாளும் பிடித்தம் செய்ததில்லை, எனக்குத் தெரிந்தவர் எவருக்கும் செய்ததில்லை" என்று சொல்லக் கூடுமா? கூடாது என்றே எண்ணுகிறேன். கண்ணாடிக் குவளை உடைந்தது, பிடித்தம். கல்லாவில் ஐம்பது ரூபாய் குறைந்தது, பிடித்தம். சரக்கு தவறான முகவரிக்குச் சென்றது, பிடித்தம். மாதக் கடைசியில் வரும் சிறு தொகையில் இந்தச் சொல்தான் எத்தனை வீடுகளின் அடுப்பைத் தணித்துவிடுகிறது!

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். "பிழை" என்னும் ஒரே பெயரால் நாம் மூன்று வேறு செயல்களை அழைக்கிறோம். முதலாவது கைப்பிழை. கவனமாக வேலை செய்பவர்க்கும் நூறு முறைக்கு ஒரு முறை நேர்ந்துவிடுவது அது. எழுதுகிற கைக்கு எழுத்துப்பிழை. ஏந்துகிற கைக்கு உடைப்பு. இரண்டாவது அசட்டை. செய்ய வேண்டியது இன்னதென அறிந்தும், "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று விட்டுவிடுவது. மூன்றாவது வஞ்சகம். தெரிந்தே எடுப்பதும், வேண்டுமென்றே கெடுப்பதும் அவ்வகை. வஞ்சகனுக்கு எவரும் இங்குப் பரிந்து பேசவில்லை. அவன் கட்டத்தான் வேண்டும். அசட்டை செய்தவன் எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்பது ஆராய்தற்குரியது. ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? மூன்றையும் ஒரே தராசில் இட்டு, மூன்றுக்கும் ஒரே விலை கூறிவிடுகிறார்கள். கைப்பிழை செய்தவன் கள்வனோடு ஒரே வரிசையில் நிற்க நேரிடுகிறது.

இக்கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. இது பிறந்து வளர்ந்த இடங்களுள் ஒன்று இம்மாநகரமே. பரேலிலும் லால்பாகிலும் பஞ்சாலைப் புகைபோக்கிகள் வான் நோக்கி நின்ற காலத்தை நினைவுகூருங்கள். அன்று நெசவாளி ஒருவர் இரண்டு தறிகளைக் கவனித்துக்கொள்வது வழக்கம். துணியில் பழுது காணப்பட்டால், பழுதான அந்தத் துணியையே அவர் தலையில் கட்டி, அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் பம்பாய் ஆலைகளில் இருந்தது. அவர் அத்துணியை அங்காடியில் கிடைத்த விலைக்கு விற்று, எஞ்சிய நட்டத்தைத் தாமே தாங்க வேண்டும். உடுத்த நல்ல துணி இல்லாதவர் வீட்டில், விலைபோகாத துணி மடிப்பு மடிப்பாகக் கிடந்திருக்கும்.

துணி ஏன் பழுதாகிறது? நூல் மட்டமானால் இழை அறும். காற்றில் ஈரம் குறைந்தாலும் இழை அறும். தறி தேய்ந்திருந்தால் நெசவு கோணும். இவற்றுள் எதை நெசவாளி தேர்ந்தெடுத்தார்? நூலை வாங்கியவர் வேறொருவர். தறியைப் பழுதுபார்க்காமல் விட்டவர் வேறொருவர். ஆனால் துணி இறங்கும் இடத்தில் நின்றவர் அவர். ஆகவே நட்டமும் அவர்மீதே இறங்கியது. கடைசியாகத் தொட்டவரே குற்றவாளி என்னும் இந்த எளிய கணக்கு, பஞ்சாலைகள் மூடப்பட்ட பின்னும் மூடப்படவில்லை.

1929ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் விட்லி என்பவர். பம்பாயின் தொழிலாளர் தலைவராகிய என். எம். ஜோஷி அதில் ஓர் உறுப்பினர். குடந்தையை அடுத்த வலங்கைமானில் பிறந்த நம் சீனிவாச சாஸ்திரியாரும் ஓர் உறுப்பினர். 1931இல் அவர்கள் அளித்த அறிக்கையில் அபராதமும் பிடித்தமும் தனியே ஆராயப்பட்டன. அபராதத்திற்கு ஓர் உச்ச அளவு வேண்டும் என்றும், சிறுவர்க்கு அபராதம் கூடாது என்றும், அபராதப் பணம் தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும் என்றும் அவர்கள் கருதினர்.

அதன் பயனாக எழுந்ததே 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் அபராதம் கூடாது என்றது அது. பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய் ஆதலின், முப்பத்திரண்டு ரூபாய் சம்பளம் பெறுவோர்க்கு ஒரு ரூபாயே உச்ச அபராதம். அணா மறைந்து நயா பைசா வந்தது. சட்டமும் பின்னர் நூற்றுக்கு மூன்று என்று அளவைத் திருத்திக்கொண்டது. அபராதத்தைத் தவணை தவணையாக வாங்கலாகாது என்றும், பதினைந்து வயது நிரம்பாதவர்க்கு விதிக்கலாகாது என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

அபராதம் வேறு, நட்டத்திற்கான பிடித்தம் வேறு. பின்னதற்கு அச்சட்டம் இட்ட கட்டுகள் இன்னும் நுட்பமானவை. அவற்றை நான்கு கேள்விகளாகச் சொல்கிறேன்; இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று: நட்டமான பொருள் அவர் காவலில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதா? அல்லது, குறைந்த பணம் அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணமா? இரண்டு: நட்டம் அவருடைய அசட்டையாலோ தவறாலோ நேரடியாக விளைந்ததா? மூன்று: பிடிப்பதற்கு முன், காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டதா? நான்கு: பிடிக்கும் தொகை உண்மை நட்டத்தை மிஞ்சாமல் இருக்கிறதா? இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அப்பிடித்தம் முறையன்று. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் இந்நான்கையும் மாற்றவில்லை. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது என்ற வேலியையும் இட்டிருக்கிறது.

சட்டத்தை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேனே, நான் அதன் வழி நடந்தவன்தானா? இல்லை. இந்த மேடையில் நான் பேச ஒப்புக்கொண்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

1998ஆம் ஆண்டு. பேலாப்பூர் சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் கணக்கராக இருந்தேன். பண்டசாலையில் எடை போடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞன் ஒருவன் சேர்ந்திருந்தான். மாதச் சம்பளம் 1,500 ரூபாய். அதில் 700 ரூபாயை ஒவ்வொரு மாதமும் மணியார்டரில் தாய்க்கு அனுப்பிவிடுவான். படிவத்தை நிரப்பித் தரும்படி என்னிடம்தான் வருவான். "அண்ணாச்சி, கையெழுத்து நல்லா இருக்கணும், அம்மா தபால்காரர்கிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்பாங்க" என்பான்.

மூன்று மாத முடிவில் சரக்கை நிறுத்துப் பார்த்தபோது சாயப்பொடியில் 20 கிலோ குறைந்தது. கிலோ 60 ரூபாய். நட்டம் 1,200 ரூபாய். எடை போட்டவன் யார்? அவன். வேறு யார் தொட்டார்? எவரும் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாதம் 300 ரூபாய் வீதம் நான்கு மாதம் பிடிக்கலாம் என்று குறிப்பு எழுதியவன் நானே. முதலாளி கையெழுத்திட்டார். அவனை அழைத்து ஒரு சொல் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வந்து, "அண்ணாச்சி, நான் எடுக்கல" என்றான். "நீ எடுத்தாய் என்று யார் சொன்னார்? குறைந்தது, அவ்வளவுதான்" என்றேன். எவ்வளவு நயமான விடை என்று அன்று எண்ணினேன். எடுத்தான் என்று சொல்லாமலே எடுத்தவனுக்குரிய தண்டனையைக் கொடுத்துவிட்டேன் என்பது பின்னரே புரிந்தது. அந்த நான்கு மாதமும் அவன் ஊருக்கு 400 ரூபாயே அனுப்பினான். படிவத்தை என்னிடம் கொண்டு வரவில்லை.

நான்காம் தவணை முடிந்த வாரத்தில் அவன் வேலையை விட்டுச் சென்றான். அதற்கு இரண்டு மாதம் கழித்து, தராசுக்கு முத்திரை இட எடை அளவுத் துறையினர் வந்தனர். முத்திரைக் கற்களை வைத்துப் பார்த்தனர். தராசு 50 கிலோ என்று காட்டியபோது மேடையில் இருந்தது ஐம்பதே கால் கிலோ. ஒவ்வொரு நிறுவைக்கும் கால் கிலோ கூடுதலாக வெளியே சென்றிருக்கிறது. பண்டசாலைப் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். அந்த மூன்று மாதத்தில் சாயப்பொடி நிறுத்தது எண்பது முறை. எண்பது கால் கிலோ எவ்வளவு? இருபது கிலோ. ஒரு கிலோ கூட இல்லை. ஒரு கிலோ குறையவும் இல்லை.

பெரியோர்களே, அந்தத் தராசை வாங்கியவன் அவனல்லன். அதற்கு உரிய காலத்தில் முத்திரை இடவேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்து, பின் மறந்தவன் நான். ஆக, அந்தத் தொழிற்சாலையில் பிழை செய்தவர் ஒருவர் உண்டு. பணம் கட்டியவர் வேறொருவர்.

முதலாளியிடம் சென்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நல்லவர், மறுக்கவில்லை. 1,200 ரூபாயையும் கொடுத்தார். அவன் தாயின் முகவரி எனக்கு மனப்பாடம். மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதும் இடத்தில், "பிழை தராசினுடையது, தம்பியுடையது அன்று" என்று எழுதி அனுப்பினேன். சில நாளில் ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் அந்தத் தாயின் கைந்நாட்டு இருந்தது. அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. எங்கே வேலை செய்கிறான் என்பதும் தெரியவில்லை. தபால்காரர் அச்செய்தியைச் சத்தமாக வாசித்திருப்பார் என்று நம்புகிறேன். நான் அதை நல்ல கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன்.

அதன் பின்புதான் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். முன்னர் சொன்ன நான்கு கேள்விகளை என் குறிப்பின்மீது வைத்துப் பார்த்தேன். சரக்கு அவன் காவலில் ஒப்படைக்கப்பட்டதா? இல்லை, அவன் எடை போடுபவன் மட்டுமே. அவன் அசட்டையால் விளைந்ததா? இல்லை. காரணம் கேட்டேனா? இல்லை. தொகை ஒன்றுதான் சரியாக இருந்தது. கணக்கர்க்குத் தொகை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அதுவே எங்கள் தொழிலின் குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நான்கு மாதத்தில் பண்டசாலையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. முன்பெல்லாம் மூட்டை கிழிந்தால் உடனே வந்து சொல்வார்கள், தைத்துவிடுவோம். அவனுக்குப் பிடித்தம் தொடங்கியபின் ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஆண்டு முடிவில் அடுக்குகளைக் கலைத்தபோது, கிழிந்த மூட்டைகள் கிழிசல் பக்கம் சுவரை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. ஈரம் ஏறி உள்ளிருந்த பொடி கல்லாய் இறுகிக் கிடந்தது. 1,200 ரூபாயை மீட்கப்போய் அதைப்போல் பல மடங்கை இழந்தோம். அச்சம் பிழையைக் குறைப்பதில்லை. மறைக்கவே கற்றுக் கொடுக்கிறது.

இதை வான்வழித் துறையினர் நன்கு உணர்ந்தனர். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தாம் செய்த பிழையைத் தாமே எழுதித் தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்றை நாசா நிறுவனம் நடத்தி வருகிறது. எழுதியவர் பெயர் வெளியிடப்படுவதில்லை. தாமாக உரைத்தவர்க்கு, வேண்டுமென்று செய்த குற்றம் அல்லாதவற்றில், தண்டனையிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. ஒருவர் பிழையை அறிந்தால் ஆயிரம் பேர் அதைத் தவிர்க்கலாம் என்பதே அதன் கருத்து. நம் தொழிற்பேட்டையிலோ பல ஆலைகளில் இரசாயனம் கையாளப்படுகிறது. இங்கே ஒரு குழாயின் கசிவை ஒருவன் அஞ்சி மறைத்தால் அது மூட்டைக் கிழிசலோடு நின்றுவிடுமா?

இனி, மறுபக்கத்து நியாயத்தையும் கேட்போம். இந்த அவையில் கடை வைத்திருப்போரும் உணவு விடுதி நடத்துவோரும் உள்ளனர். அவர்கள் கேட்பார்கள்: "நானும் வட்டிக்கு வாங்கி நடத்துகிறேன். நாளுக்குப் பத்துக் குவளை உடைந்தால் நான் எங்கே போவேன்? கட்ட வேண்டும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் பையன்களுக்குக் கவனம் எப்படி வரும்?" இது புறந்தள்ளும் கேள்வியன்று. சிறு முதலாளியின் கண்ணீரும் கண்ணீரே.

அவர்களுக்கு என் விடை இது. குவளை உடைவது விடுதி நடத்துவதன் ஒரு பகுதி. விறகு எரிவதுபோல, எண்ணெய் தீர்வதுபோல. இட்டிலியின் விலையில் எண்ணெய்ச் செலவைச் சேர்க்கும் தாங்கள் உடைப்புச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாள் முழுதும் விற்பனை பெருகினால் அந்த மிகுதி பரிமாறுபவனுக்கு வருகிறதா? வருவதில்லை, சம்பளம் சம்பளமாகவே இருக்கிறது. இலாபத்தில் பங்கு இல்லாதவனை நட்டத்தில் மட்டும் பங்காளியாக்குவது என்ன நீதி? நாளுக்குப் பத்துக் குவளை உடைகிறது என்றால், தரை வழுக்குகிறதா, தட்டு சிறிதா, பையன் பதினான்கு மணி நேரமாக நிற்கிறானா என்று பாருங்கள். ஒருவனே திரும்பத் திரும்ப அசட்டை செய்தால் எச்சரியுங்கள். வேறு வேலையில் மாற்றுங்கள். முறைப்படி விசாரித்து விலக்கவும் செய்யுங்கள். அது தங்கள் உரிமை. ஆனால் அவன் உழைத்து முடித்த நாட்களின் கூலி ஏற்கெனவே அவனுக்கு உரியதாகிவிட்டது. அதில் கை வைப்பது வேறு செயல்.

அப்படியானால் ஊழியர் ஒருபோதும் கட்டவே வேண்டாமா? அப்படியும் நான் சொல்லவில்லை. வங்கிக் காசாளரை எடுத்துக்கொள்வோம். மாலையில் பணம் குறைந்தால் அவர் ஈடு செய்கிறார். அவருக்குத் தனிப் பெட்டி உண்டு. அதன் சாவி உண்டு. அப்பொறுப்புக்கென்று தனிப்படி வழங்கும் வழக்கமும் உண்டு. பொறுப்பும், அப்பொறுப்பைக் காக்கும் வகையும், அதற்கான ஊதியமும் ஒருங்கே இருக்கின்றன. ஆகவே அது ஓரளவு நியாயமாகிறது. அங்கும் ஒன்றைக் கவனியுங்கள். பணம் குறைந்தால் காசாளர் கட்டுகிறார். மிகுந்தாலோ அது வங்கியின் கணக்கில் சேர்கிறது. பெட்டியும் சாவியும் தனிப்படியும் இல்லாமல், மூவர் கை வைக்கும் கல்லாவின் முன் ஒரு சிறுவனை நிறுத்திவிட்டு, இரவில் குறைந்ததை அவனிடம் கேட்பது எவ்வகையில் பொருந்தும்?

நடுவணரசு அலுவலர்க்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளிலும், அசட்டையால் அரசுக்கு நேர்ந்த பண இழப்பைச் சம்பளத்தில் மீட்பது ஒரு தண்டனையாக இடம்பெற்றுள்ளது. ஆயின் தண்டனை என்பதனாலேயே அதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் பெறவேண்டும். 1979இல் நம் உச்ச நீதிமன்றமும், திறமைக் குறைவும் தீர்ப்புப் பிழையும் மட்டுமே ஒழுங்கீனம் ஆகிவிடா என்று ஓர் அலுவலர் வழக்கில் விளக்கியது. பிழை வேறு, குற்றம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வழக்கு எழுந்தது. இங்கிலாந்தில் 1949இல் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, உதவியாளராக உடன் வந்த தம் தந்தையின்மீதே மோதிவிட்டார். தந்தைக்கு நிறுவனத்தின் சார்பில் காப்பீட்டார் இழப்பீடு கொடுத்தனர். பின்னர் அந்தத் தொகையை மகனிடமிருந்து மீட்க நிறுவனத்தின் பெயரால் வழக்காடினர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1956இன் இறுதியில் ஐவரில் மூவர், மகன் கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். சட்டம் வென்றது, ஆனால் மக்கள் மனம் ஒப்பவில்லை. கடைசியில் காப்பீட்டு நிறுவனங்களே, வஞ்சகமும் வேண்டுமென்று செய்ததும் அல்லாத வழக்குகளில் ஊழியரிடம் இவ்வாறு கேட்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. தீர்ப்புச் சொல்லாத நியாயத்தை நாணம் சொல்லிற்று.

அடுத்த ஆண்டே, 1957இல், செருமனியின் தொழிலாளர் உயர் நீதிமன்றம் வேறொரு வழியை வகுத்தது. பிழை சிறிதானால் ஊழியர் ஒன்றும் கட்ட வேண்டா. நடுத்தரமானால் இருவரும் பகிர்ந்துகொள்வர். பெரும் அசட்டையானால் பொதுவாக ஊழியரே பொறுப்பு. இடர் மிகுந்த வேலைகளுக்கென அன்று வகுத்த இந்த நெறியை 1994இல் எல்லா வேலைகளுக்கும் விரித்தனர். கைப்பிழை, அசட்டை, வஞ்சகம் என்று தொடக்கத்தில் நான் பிரித்ததை அங்கே நீதிமன்றம் தராசில் அளந்து பிரித்திருக்கிறது.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்துப் பாண்டிய மன்னனை நினையுங்கள். அவன் கொடியவன் அல்லன். காற்சிலம்பு காணாமற்போனது உண்மை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் உண்மை. குறைந்ததும் தெரிந்தது, தொட்டவனும் தெரிந்தான், கணக்கு முடிந்தது என்று எண்ணிவிட்டான். கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் கேளாமை ஒன்றுக்காக ஓர் அரசும் ஒரு நகரும் அழிந்த கதையைத்தான் நாம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வருகிறோம். எனினும் அம்மன்னனிடம் ஒரு பெருமை உண்டு. உண்மை தெரிந்த அந்தக் கணமே, தன் பிழையைத் தன் பிழை என்றான். காவலர் மேல் போடவில்லை. பொற்கொல்லன் மேல் போடவில்லை. மேலிருப்போர் பிழைக்கு மேலிருப்போரே பொறுப்பு என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எது?

இளைஞர்களே, உங்களுக்கும் சில சொற்கள். உங்களைக் காக்கும் சட்டத்தைச் சோம்பலுக்குக் குடையாகப் பிடிக்காதீர்கள். பிழை நேர்ந்தால் அன்றே, பிறர் கண்டுபிடிக்கும் முன்னர், நீங்களே சென்று சொல்லுங்கள். நேர்மையான ஊழியர் தம் பிழைக்குக் கட்ட வேண்டிய முதற் கடன் பணம் அன்று, ஒப்புக்கொள்ளுதலே. அடுத்து, அது மீண்டும் நேராதிருக்க வழி காணுதல். இவ்விரண்டையும் செய்தபின், "பணமும் கட்டு" என்றால், பணிவோடும் உறுதியோடும் அந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். பிடித்தத்தைச் சம்பளச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தீராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடுங்கள். தனியே செல்ல அஞ்சினால் நம் சங்கத்திற்கு வாருங்கள். விண்ணப்பம் எழுதித் தர என் கையெழுத்து இன்னும் நன்றாகவே இருக்கிறது.

இறுதியாக, நம் எல்லோரையும் நோக்கி ஒன்று. இங்கிருப்போரில் ஆலை முதலாளிகள் சிலரே. ஆனால் வீட்டு வேலைக்கு ஓர் அம்மையாரை வைத்திருப்போர் பலர். அவர் கையிலிருந்து பீங்கான் கோப்பை நழுவினால் நாம் என்ன செய்கிறோம்? மாதக் கடைசியில் நூறு ரூபாயைக் குறைத்துவிட்டு, "இனியாவது கவனமாக இரும்மா" என்கிறோமே, அப்போது அந்த நான்கு கேள்விகளும் எங்கே போயின? நம் வீட்டில் பதிவேடு இல்லை; ஆய்வாளர் வருவதில்லை; காரணம் கேட்டோமா என்று கேட்பாரும் இல்லை. அலுவலகத்தில் நமக்குக் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்கும் நீதியை, நம் அடுக்களையில் நாமே அளிக்கத் தொடங்குவோம். கோப்பையை நம் கை உடைத்தால் "கண்ணேறு கழிந்தது" என்று சொல்கிறோம். அந்த அம்மையார் கைக்கும் அதே சொல்லைச் சொல்வோம்.

பிழை செய்யாத கை வேலை செய்யாத கை. உழைக்கும் கையைக் கேட்டு அறிந்து நடத்துவதே உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. அன்று நான் கேட்கத் தவறிய ஒரு சொல்லுக்காக இத்தனை சொற்களைச் சொன்னேன்.

வாழ்க உழைப்போர்! வளர்க நம் சங்கம்!